மழை நாளில் நிறையும் வகுப்பு

செவ்வாய் இரவு, ருவான்வெல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஒன்லைன் டிப்ளோமா வகுப்பில் இன்று காலை நாற்பது பேரில் நான்கே பேர். போன வாரம் தினமும் நிறைந்திருந்த வகுப்பு. விரிவுரையைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேச வைக்கும் என் புது முறைதான் காரணம் என்று கெம்பஸில் பெருமையடித்துவிட்டேன். நாளை மற்ற விரிவுரையாளர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

வகுப்பு முடிந்ததும், வந்திருந்த நால்வரில் கலைச்செல்வியை மட்டும் இணைப்பிலேயே நிறுத்தி, மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன்.

"இன்னைக்கி வெயில் தானே மிஸ், எல்லாரும் ரப்பர் பால் வெட்டப் போயிட்டாங்க. மழன்னா வெட்டும் இல்ல, சம்பளமும் இல்ல. அன்னைக்கித்தான் கிளாஸுக்கு வருவோம்."

போன வாரம் முழுக்க மழை.

அம்மா பால் வெட்டித்தான் என்னைப் படிக்க வைத்தார். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்த எனக்கா இது தோன்றவில்லை? நாளை வரும் விரிவுரையாளர்களிடம் என்ன சொல்வது?

இப்போது தகரக் கூரையில் தூறல் விழுகிறது. விடியும்வரை பெய்தால் வகுப்பு நிறைந்துவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இன்னும் வலுக்கட்டும் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நாட்களில் இதே சத்தத்துக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, மழை விட்டுவிடாதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.