கடலை மட்டும் எடுத்துவிட

ஆகஸ்ட் 12, செவ்வாய்

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று இன்னொரு தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து கப்பலேறி ஒரு பெண் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள். மெயின்லேண்ட் போட்டிக்காக நான் போட்டோஷாப்பில் செய்த படம் அவள் மொபைலில் இருந்தது. கடலுக்கடியில் ஒரு தெரு, கூரைகளுக்கு மேல் ஓர் ஆள் மிதக்கிறான். யாரென்று யோசிக்காமல் பழைய கஸ்டமர் போட்டோவிலிருந்து வெட்டிய ஆள். போன வருஷம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத அவள் புருஷன்.

திட்டுவாள் என்று நினைத்தேன்.

“வீட்ல இவரு போட்டோ ஒண்ணுகூட இல்லண்ணே. ஆளு இருக்கட்டும். கடல மட்டும் எடுத்துருங்க.”

எடுத்தேன். அந்தரத்தில் தொங்குகிறார். ஹட் பே படகுத்துறையைக் காலடியில் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. மிதப்பதற்காக அந்தக் கால்களை வளைத்தது நான். அசல் ஃபைல் மேலேயே சேவ் செய்து அதை அழித்ததும் நான்தான்.

நாளை கப்பல் கிளம்பும் முன் வாங்கிக்கொள்ள வருவாள்.