தாளைப் பிடிக்கும் மேசை

ஹட்டன்
20.01.2026

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

கிட்டத்தட்ட ஏழு வருடமாகக் கூப்பிட்ட பெயர். மாற்றிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை, அதனால் அப்படியே எழுதுகிறேன். சுகமா? கொழும்பு வெயில் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், இல்லாவிட்டால் ஒருவர் அழ மற்றவர் வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள்.

பொங்கலுக்கு மறுநாள் நம் ஸ்கிரீன் அச்சுக் கடையைத் திறந்தேன். நம் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து நீங்கள் புறப்பட்டதிலிருந்து பூட்டியே கிடந்தது. ஸ்கிரீன் சட்டம் எல்லாவற்றிலும் பூஞ்சணம். துடைத்து எடுத்துவிட்டு, அக்கரப்பத்தனைக் கோவில் திருவிழா அட்டை முந்நூறு அடித்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். முன்பு நீங்கள் சட்டத்தை இறக்கி மை இழுப்பீர்கள், எதிரில் நின்று நான் தாளை எடுப்பேன். இப்போது இரண்டும் நானே. சட்டத்தைத் தூக்கினால் தாளும் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. பிய்த்து எடுப்பதற்குள் எழுத்து இழுபட்டுப் போகிறது. பத்து அடித்தால் நாலு குப்பைக்குப் போகிறது. இந்தப் பனியில் தாள் வேறு ஓரம் சுருண்டு நிற்கிறது.

அதனால் நாம் வாங்க நினைத்த வேக்குவம் மேசையை வாங்கப் போகிறேன். மேசையில் உள்ள துளைகள் வழியாகக் காற்றை இழுத்துத் தாளைப் பிடித்து வைக்குமே, அதுதான். கொழும்பு வியாபாரி மூன்று மேசையின் படம் அனுப்பியிருக்கிறார். கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஒன்று சின்னது, ஒன்று மிகப் பெரியது, மூன்றாவது நடுத்தரம். அங்கே உங்கள் அச்சகத்தில் அப்படிப்பட்ட மேசையில்தான் உங்களுக்கு வேலை என்று, உங்களை அங்கே சேர்த்துவிட்ட ஜெயகாந்தன் அண்ணன் சொன்னார். எது நல்லது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ஷாமிலா


கொட்டாஞ்சேனை
29.01.2026

அன்பு ஷாமிலா,

உன் கையெழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்கப் பயமாக இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் படித்தேன். நான் சுகம். இங்கே அறையில் என்னோடு நிரஞ்சன் என்று ஒரு பதுளைப் பையன். நன்றாகச் சமைக்கிறான்.

சின்ன மேசை வேண்டாம். படத்திலேயே தெரிகிறது, துளை ஒவ்வொன்றும் பயறு அளவு. மெல்லிய நோட்டீஸ் தாளை வைத்தால் துளைக்குள் குழிந்துவிடும், அந்த இடத்தில் மை புள்ளி புள்ளியாக விழும். துளை ஊசியால் குத்தியது போல் இருக்க வேண்டும், நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பெரிய மேசையும் நமக்குத் தோதில்லை. நாம் அடிப்பது அட்டையும் அரைத் தாளும். தாள் மூடாத துளை எல்லாம் சும்மா காற்றைக் குடிக்கும், தாளுக்குப் பிடிமானம் இருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் மிச்சத் துளையைக் கழிவுத் தாள் ஒட்டி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

நடுத்தரம் பரவாயில்லை. ஆனால் ஒன்று கேள். சட்டத்தை இறக்கினால் மேசை தானாகவே காற்றை இழுக்க வேண்டும், தூக்கினால் தானாகவே விட வேண்டும். அது இல்லாமல் கையால் சுவிட்ச் போடுகிற மாதிரி என்றால் வேண்டாம். அவர்கள் காட்டும் தாளை வைத்தும் பார்க்காதே. கொழும்பில் எல்லாத் தாளும் நேராகத்தான் படுக்கும். நம் ஹட்டன் தாளைக் கொண்டுபோய், சுருண்டதை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவசரம் வேண்டாம். நான் சனிக்கிழமை பஸ் ஏறி வந்தால் இரண்டே நாளில் முந்நூறையும் முடித்துவிடலாம். நான் இழுக்கிறேன், நீ எடு. மேசையைப் பிறகு யோசிக்கலாம்.

ஜீவராஜ்


ஹட்டன்
08.02.2026

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

"பிறகு யோசிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு ரோட்டில் போய் நின்றேன். பக்கத்துக் கடை டோரீன் அக்கா வந்து, "என்னம்மா, யாருக்கும் சுகமில்லையா?"ன்னு கேட்டாங்க.

போன வருடம் முழுக்க இதைத்தானே சொன்னீர்கள்? இது சத்தம் கூட, அது துளை பெரிது, அடுத்த மாதம் இன்னொன்று வருகிறதாம். அளவு நாடாவை எடுத்து மேசை போடும் இடத்தை எத்தனை தடவை அளந்தீர்கள்? அந்த மேசை அப்போதே வந்திருந்தால் நல்லதண்ணி ஊர்க் கல்யாண அட்டை ஐந்நூறும் ஒரே நாளில் முடிந்திருக்கும். பள்ளிக்கூட லீவில் பிள்ளை கடைக்குள் வந்து ஈர அட்டையை எல்லாம் தொட்டுத் தொட்டுக் கெடுக்கிறாள் என்று, வலப்பனைக்கு உங்கள் அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டோம். மலை சரிந்தபோது அவள் நம்மோடு இருந்திருப்பாள். நாலு நாள் மண்ணைத் தோண்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டோம்.

அந்தக் கல்யாணமும் அட்டையில் போட்ட தேதியில் நடக்கவில்லை. மழையால் தள்ளிப்போய், புதுத் தேதிக்கு வேறு எங்கேயோ அட்டை அடித்துக்கொண்டார்கள். நாம் அடித்த ஐந்நூறும் பெட்டியில் அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கவும் முடியவில்லை, எரிக்கவும் முடியவில்லை.

அவளை அனுப்பலாம் என்று முதலில் சொன்னது நான்தான். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் உங்கள் மேல் இருக்கும் கோபம் குறைய மாட்டேன் என்கிறது.

சனிக்கிழமை வர வேண்டாம். எந்த மேசை என்று மட்டும் எழுதுங்கள்.

ஷாமிலா


கொட்டாஞ்சேனை
20.02.2026

அன்பு ஷாமிலா,

மூன்றாவதையே வாங்கு. நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டேன். ஒரு தாளை ஈரத் துணிக்குள் வைத்துச் சுருள விட்டுக் கொண்டுபோனேன். சட்டத்தை இறக்கியதும் நாலு மூலையும் படிந்துவிட்டது. மை இழுத்துத் தூக்கினேன், தாள் அசையவில்லை. தானாகவே இழுக்கிறது, தானாகவே விடுகிறது. மோட்டார் சத்தம் கொஞ்சம் இருக்கிறது, பழகிவிடும். அதில் நீ தனியாகவே அடிக்கலாம்.

ஒரு வருடம் தள்ளினேன் என்று எழுதியிருந்தாயே. சத்தமும் துளையும் நான் சொன்ன சாக்கு. அந்த மேசை வந்தால் தாள் எடுக்க ஆள் தேவையில்லை. அப்போதெல்லாம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு அடி தூரத்தில் நீ எதிரே நிற்பாய். நான் இழுப்பதும் நீ எடுப்பதுமாக, இடையில் ஊர்க் கதை பேசி, நீ சிரித்தால் தாளும் கையுமாகச் சிரிப்பாய். அது போய்விடும் என்றுதான் தள்ளினேன். வெட்கப்பட்டு உன்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லவில்லை. மலை சரிவதற்கு முதல் நாள் காலையில், பத்து மணி இருக்கும், அக்கா எனக்குப் போன் எடுத்தாங்க. "தம்பி, வீட்டுக்குப் பின்னால மண்ணு வெடிச்சிருக்குடா. புள்ளய வந்து கூட்டிட்டுப் போயிரு"ன்னாங்க. "இன்னும் நூறு அட்டை இருக்குங்கக்கா. நாளைக்குக் குடுத்துட்டு மொத பஸ்ஸுல வாறேன்"னு சொன்னேன். பின்னால் பிள்ளையின் சத்தம் கேட்டது. "அப்பாவா? நான் பேசுறேன், நான் பேசுறேன்"னு. கையெல்லாம் மை. அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டேன். "யாரு?"ன்னு நீ கேட்டாய். "அக்கா, சும்மாதான்"னு சொன்னேன். அடுத்த நாள் பாதையும் இல்லை, அக்காவும் இல்லை, பிள்ளையும் இல்லை.

நீ எவ்வளவு திட்டினாலும் இதற்குக் குறைவுதான்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி அவளுக்கு ஏழு வயது ஆகியிருக்கும். வலப்பனைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் வருவோமா? அதற்கு மட்டும் பதில் எழுது. மற்றபடி நீ சொல்வதுதான்.

ஜீவராஜ்


ஹட்டன்
15.03.2026

அன்புள்ள நிலக்ஷி அப்பாவுக்கு,

மேசை வந்து பத்து நாளாகிறது. லொறியிலிருந்து இறக்க டோரீன் அக்கா வீட்டு ஆட்கள் வந்தார்கள். நீங்கள் சொன்னது சரிதான், சுருண்ட தாளும் படிந்துவிடுகிறது. கோவில் அட்டையைக் கொடுத்தாயிற்று. ஒன்றுகூடக் குப்பைக்குப் போகவில்லை.

உங்கள் கடிதத்தை இத்தனை நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அக்கா உங்களை அழைத்தது எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் என்னைத்தான் அழைத்தாங்க. அன்று காலை ஒன்பது மணிக்கு, நீங்கள் கடைக்குப் பின்னால் ஸ்கிரீன் கழுவிக்கொண்டிருந்தபோது. "ஷாமிலா, மழ விடவே இல்லம்மா, பயமா இருக்கு. தம்பிய அனுப்பி விடு"ன்னாங்க. "அவருக்கு வேலை கெடக்கு அண்ணி, நீங்களே அவருகிட்ட சொல்லிப் பாருங்க"ன்னு சொன்னேன். நான் சொல்லியிருந்தால் மைக் கையோடு ஓடியிருப்பீர்கள். அது தெரிந்துதான் சொல்லவில்லை. அட்டை முடியட்டும் என்று நினைத்தேன். நீங்கள் "சும்மாதான்" என்றபோது, பொய் என்று தெரிந்தும் அடுத்த தாளை எடுத்தேன்.

அந்தப் போனில் நான் பிள்ளையோடு பேசினேன். "அத்தை ரொட்டி சுட்டாங்க, எனக்கு மட்டும் சீனி வச்சு"ன்னு சொன்னாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். உங்களுக்கு அது கிடைக்கவில்லையே என்று இதையும் எழுதுகிறேன்.

முப்பத்தோராம் நாள், அத்தனை பேர் முன்னால், "நீங்கதானே கொண்டுபோய் விட்டீங்க"ன்னு கத்தினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்தீர்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பழி முழுவதையும் உங்கள் தலையில் வைத்து அனுப்பிவிட்டு, மூன்று மாதம் இங்கே உட்கார்ந்திருந்தேன். என்னை மன்னியுங்கள்.

நான் எதிரில் நிற்பது பிடித்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இனி உங்கள் முகத்தைப் பார்த்தால் அந்தப் போன் மணிதான் எனக்குக் கேட்கும். இதைப் படித்த பிறகு உங்களுக்கும் என்னைப் பார்த்தால் அப்படித்தான். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியாது. நீங்கள் அங்கேயே இருங்கள். உங்கள் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. கோபம் இருந்தவரைக்கும் ஒருநாள் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று தோன்றிக்கொண்டிருந்தது.

பதினொன்றாம் தேதி நீங்கள் காலை பஸ்ஸில் போய் வாருங்கள். நான் மத்தியானம் போகிறேன். அவள் இருக்கும் இடத்தில் புல் வளர்ந்திருக்கும், கொஞ்சம் பிடுங்கி விடுங்கள். நீங்கள் வைத்துவிட்டுப் போகும் பூவை நான் நகர்த்த மாட்டேன். அதன் பக்கத்திலேயே என்னுடையதையும் வைத்துவிட்டு வருகிறேன்.

ஷாமிலா