வரைபடத்தில் நனையாத வீடு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சண்டையோடு நலம், அங்கே நீ சண்டை இல்லாமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், போனில் பேசினால் கத்திவிடுவேன், அம்மா வேறு பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் கடிதம்.

முதல் கோபம் உன்மேல்தான். ஆன்லைனில் மேப் போடுவது ரொம்ப ஈஸிப்பா, வெங்காயம் மாதிரி லேயர் லேயரா இருக்கும் என்றாய், வெங்காயத்தில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும் என்று சொன்னாயா? மழைத்தண்ணீர் எங்கே நிற்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள், அதை வைத்துத்தான் எந்தத் தெருவுக்கு வடிகால் என்று முடிவு செய்வோம் என்று நகராட்சியில் சொன்னதால் உட்கார்ந்தேன். அடியில் தெருப்படம் தானாக வந்தது. அதன்மேல் வீடுகளுக்கு ஒரு லேயர், சாக்கடைக்கு ஒரு லேயர், தண்ணீருக்கு நீலத்தில் ஒரு லேயர். பெயிண்டர் புத்தி எங்கே போகும், அடிச்சுவர் தெரியாமல் அடிப்பதுதானே என் தொழில், நீலத்தை இரண்டு கோட் கொடுத்த மாதிரி அழுத்தமாக வைத்துவிட்டேன், வீடுகளையே காணோம். எதிர்வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு, என்ன சார், எல்லாரும் மூழ்கிட்டோமா என்றார். நீ சொன்னபடி நிறத்தைக் கண்ணாடி போல மெலிதாக்கிய பிறகுதான் வீடுகள் மூச்சுவிட்டன.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரு குரூப்பில் லிங்கை அனுப்பினேன், பார்க்க மட்டும் என்று கொடுக்காமல் யாரும் திருத்தலாம் என்று கொடுத்திருக்கிறேன், உன் அப்பன் மேதை. வீட்டை விற்கப் பார்க்கும் மளிகைக்காரர் தன் வாசலிலிருந்து நீலத்தை நகர்த்திவிட்டார், மாடிக்கு வாடகைக்கு ஆள் தேடும் டீச்சரும் தன் பங்குக்கு நகர்த்திவிட்டார். கேட்டால், தண்ணி நிக்கிற வீடுன்னு ஊருக்கே காட்டினா எவன் சார் வாங்குவான் என்கிறார் மளிகைக்காரர், போன மழையில் என்னோடு முழங்கால் தண்ணீரில் நின்று வாளி பிடித்த மனுஷன்! நகராட்சி அலுவலகத்தில் இன்ஜினியரம்மா படத்தைத் திறந்து, தண்ணியே நிக்கலையே, வடிகால் எதுக்குங்க என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் ஒரு தெரு வெள்ளத்தையே மறைத்துவிட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். நம் வீட்டு நீலத்தையும் எவனோ எடுத்திருக்கிறான், அவன் கை விளங்காமல் போகட்டும் என்று கத்தினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, போதும், அது என் கைதான் என்றாள். உனக்கும் அந்த லிங்க் வந்திருக்கிறதாம், புள்ள அங்கேருந்து பார்த்தா தூங்குமா என்றாள்.

அதனால் நானே சொல்கிறேன், கேட்டுக்கொள். நம் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. இங்கே தூறல்தான் என்று அவள் போனில் சொன்னபோதெல்லாம் வந்தது. கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்திருக்கிறோம். அவள் முட்டி வீங்கியது வயசால் இல்லை, வழுக்கி விழுந்ததால்.

மற்ற வீடுகளுக்கு நீலத்தைத் திரும்பப் போட்டு, திருத்தும் அனுமதியையும் பிடுங்கிவிட்டேன், மளிகைக்காரர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார், போகட்டும். நம் வீடு மட்டும் பாக்கி. அதை நான் போட்டால் அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. உனக்கு மட்டும் அனுமதி வைத்திருக்கிறேன், நீயே போடு, வாசலிலிருந்து சமையலறை வரை, அவள் படுக்கும் அறையையும் சேர்த்து. போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்து, பார்த்துட்டேம்மா, பார்த்துட்டும் தூங்கினேன் என்று சொல். பொய்யாக இருந்தாலும் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு, நூறாண்டு இரு. வெள்ளிக்கிழமைக்கு முன்னால், மறந்துவிடாதே.

கோபம் ஆறாத ஆசிகளுடன்,
உன் அப்பா