நீ பாதியில் விட்ட கடைவாய்ப்பல்

என் பெரிய டாக்டரே, என் அக்காவே,

நீ போய் மாதங்கள் ஓடிவிட்டன. இன்னும் நம் படப்பை கிளினிக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர்கள் "பெரிய டாக்டரு இல்லீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். மாலை போட்ட உன் படத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு கேட்கிறார்கள், அதுதான் கொடுமை. "நான் சின்ன டாக்டர், உட்காருங்க" என்கிறேன். பாதிப் பேர் "அப்பால வரேம்மா" என்று ஷேர் ஆட்டோ ஏறிவிடுகிறார்கள்.

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை அக்கா. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துபோகிறது. கழுத்திலிருந்து இடது தோள் வரை ஒரு இழுப்பு வேறு. நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவளுக்கு வராதா என்ன? அதை விடு.

பிள்ளைப்பாக்கம் தணிகைவேலை ஞாபகம் இருக்கிறதா? கார் கம்பெனி லைனில் வேலை பார்ப்பவன், வாட்டசாட்டமான ஆள், ஊசி என்றால் மட்டும் குழந்தை. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு ரூட் கெனால் ஆரம்பித்தாய். பல்லைத் திறந்து, சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வாரம் வாப்பா" என்று அனுப்பினாய். அடுத்த வாரம் நீ இல்லை.

அவன் வேறு எந்த டாக்டரிடமும் போகவில்லையாம். நீ அடைத்தது உதிர்ந்த பிறகும் கிராம்புத் தைலமும் மெடிக்கல் ஷாப் மாத்திரையுமாக ஓட்டியிருக்கிறான். கடைசியில் கன்னம் வீங்கிப்போய், மனைவி சுகன்யாதான் வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தாள்.

"தெருவுல அந்த சவுண்டு வுடுவாரு டாக்டர். இங்க வந்தா பாருங்க, பேயறஞ்ச மாதிரி ஆயிட்டாரு" என்றாள்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "புடுங்கிடுங்க டாக்டர். அவங்களே இல்ல, இந்தப் பல்லு மட்டும் இன்னாத்துக்கு?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. காப்பாற்றக்கூடிய பல் அக்கா அது. நீ கை வைத்த பல்லை நான் பிடுங்கிக் குப்பையில் போடுவதா? மாத்திரை கொடுத்து, வீக்கம் வடிந்ததும் வரச் சொன்னேன். "இந்தத் தடவையும் பாதியில ஓடினா, அப்புறம் புடுங்குறதத் தவிர வழியில்ல" என்றும் சொன்னேன். மிரட்டினேன் என்றே வைத்துக்கொள்.

திங்கட்கிழமை நெற்றி நிறைய விபூதியோடு வந்தான். "வல்லக்கோட்ட முருகன்கிட்ட சொல்லிக்கினு வந்துக்கீறேன் டாக்டர்" என்றான். "அவர் பாத்துப்பாரு, நீ வாயத் திற" என்றேன்.

மரத்துப்போக ஊசி போட்டேன். உன் வாக்கியத்தையே எழுத்துப் பிசகாமல் சொன்னேன்: "வலிச்சா இடது கையத் தூக்கு, உடனே நிறுத்திடுவேன்." மிஷினை எடுத்து வேலையை ஆரம்பித்தேன். கை எழவே இல்லை. பார்த்தாயா, எனக்கும் வருகிறது என்று மனசுக்குள் உன்னிடம் பீற்றிக்கொண்டேன்.

"டாக்டர், அவரு அழுவுறாரு" என்றாள் சுகன்யா.

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கையும் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. உனக்குத்தான் தெரியுமே என் வாய், "ஏன்யா தூக்கல? அதுக்குத்தானே சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். அப்புறம் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவன் மெதுவாகச் சொன்னான். "கை வரமாட்டேங்குது டாக்டர். எங்க லைன்ல ஒரு கயிறு தொங்கும். எதுனா கோளாறுன்னா இழு, லைன் நின்னுடும்னு சொல்லிக்கீறாங்க. இழுத்துப் பாருங்க தெரியும். சூப்பர்வைசரு வந்து நின்னுக்குவாரு. யாரு, ஏன், எவ்ளோ நேரம்னு உயிர எடுப்பாரு. அதான், இன்னா ஆனாலும் கம்முனு ஓட்டிடுவோம்."

"பெரிய டாக்டர்கிட்ட மட்டும் தூக்குனியா?"

"அவங்க வலிக்காதப்பவே தூக்கச் சொல்வாங்க. 'சும்மாத் தூக்கு, நான் நிறுத்துறேனா இல்லியான்னு பாரு'ன்னுவாங்க. மிஷினு வாயாண்ட வந்தவுடனே தூக்குவேன், நிறுத்துவாங்க. மறுபடியும் தூக்குவேன், மறுபடியும் நிறுத்துவாங்க. ஒரு தபா கூட மூஞ்சி சுளிச்சதில்ல டாக்டர்."

அடிப்பாவி அக்கா, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? அடுத்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேனே. உன்னிடம் வருகிறவர்கள் கையைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்து, இவள் பேஷன்ட்டோடு விளையாடுகிறாள் என்றல்லவா நினைத்தேன்!

இன்னொரு ஊசி போட்டுவிட்டு நானும் விளையாடினேன். சும்மாவே தூக்கினான், நிறுத்தினேன். சந்தேகம் தீராமல் மறுபடி தூக்கினான், நிறுத்தினேன். பிறகு நிஜமான வேலையில் இறங்கினேன். நடுவில் கை பாதி எழுந்தது, எழுந்த கையோடு என் முகத்தைப் பார்த்தான். அதற்குள் நான் நிறுத்தியிருந்தேன். இன்னும் கொஞ்சம் மரக்க வைத்துத் தொடர்ந்தேன். வேர்களைச் சுத்தம் செய்து அடைத்தாயிற்று. பல் பிழைத்துவிட்டது அக்கா.

போகும்போது கோணின வாயோடு, "ஒண்ணுமே இல்ல டாக்டர், சப்ப மேட்டரு" என்றான். சுகன்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் தோள் இழுத்தது. உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ போன அன்றைக்கு மத்தியானம் உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நெற்றியெல்லாம் வேர்வையோடு நின்றாய். "என்னக்கா?" என்றேன். "கேஸ் ட்ரபிள்டி. சோடா வாங்கிட்டு வரச் சொல்லு. இந்தப் பேஷன்ட முடிச்சுட்டு வரேன்" என்றாய். முடித்தாய். பல் பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சை எப்போது எடுக்க வேண்டும் என்றுகூட அந்தம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாய். அப்புறம்தான் சரிந்தாய்.

அத்தனை பேருக்கும் கையைத் தூக்கச் சொல்லிக்கொடுத்தவள் நீ. உன் கை ஏன் எழவில்லை? தணிகைவேலுக்காவது சூப்பர்வைசர் பயம். உனக்கு யாரைப் பார்த்துப் பயம்? வெளியே காத்திருந்தவர்களையா? நான் அங்கேதானே நின்றிருந்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் அக்கா. அழுகையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன, எது எதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். தோள் இழுப்பதை, படியேறினால் மூச்சு வாங்குவதை, இதெல்லாம் பல நாளாக இருப்பதை, ஒன்று விடாமல் சொன்னேன். "ஏன்டி இவ்ளோ நாளா சொல்லல?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. நாளைக் காலை முதல் வேலையாக இதய டாக்டரிடம் போகிறோம். கையோடு திரும்பிப் போய்க் கிளினிக் கதவில் "இன்று விடுமுறை" என்று எழுதி ஒட்டிவிட்டேன். நீ ஒரு நாளும் ஒட்டாத காகிதம் அது.

என்ன இருக்கும், என்ன சொல்வார்கள், தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. எதுவானாலும் மருந்து எடுத்துக்கொள்கிறேன், படுக்கச் சொன்னால் படுக்கிறேன். தணிகைவேலின் பல்லுக்கு இன்னும் மேல்மூடி போட வேண்டும். "அடுத்த வாரம் வாப்பா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த வாரம் நான் இருப்பேன் அக்கா.

கையைத் தூக்கிவிட்ட உன் தங்கை,
எஸ்தர்