பலகையில் ஏறாத விரல்கள்

பூண்டுலோயா

தம்பி கிஷாந்துக்கு அக்கா ஜீவராணி எழுதுவது.

கொழும்பில் நீ சுகமாகத்தான் இருப்பாய். இங்கே சுகமில்லை. எழுத்து கோணலாக இருக்கிறதே என்று யோசிக்காதே, இடக்கையால் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

உன் மச்சான் உன்னிடம் சொன்னது பொய். விறகு வெட்டும்போது எனக்குக் கத்தி படவில்லை. தேயிலை பேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலருக்கு, கம்பனி ஆளாக வந்து நீ போட்டுவிட்டுப் போன இரும்பு வலையின் நட்டு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கொழுந்து தள்ளும்போது வலை சரிந்து கை உள்ளே போனது. வலக்கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நட்டு ஆடுவது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குறை கண்டால் எழுதிப் போடச் சொல்லி ஒரு பெட்டி வைத்தாய், நல்ல காரியம். அதோடு நின்றாயா? விபத்தில்லாத நாளை எண்ண வாசலில் பலகை மாட்டினாய். மாரியம்மன் திருவிழா வரைக்கும் அந்தக் கணக்கு அறுபடாவிட்டால் தேருக்கு லைட்டும் மேளமும் கம்பனிச் செலவு என்று நீதானே சொன்னாய்? புத்தி இருக்கிறதா உனக்கு? வேலை முறையைத் திருத்த வந்த பெரிய மனுஷன், அம்மனைக் கொண்டுபோய்ப் பலகையில் கட்டிவிட்டாய். குறை எழுதினாலும் கணக்கு அறுந்துவிடும் என்ற பயத்தில், பெட்டிப் பக்கம் யாராவது போனாலே, "தேரக் கெடுக்கப் பாக்குறியா" என்று சண்டைக்கு வருகிறார்கள்.

உன் மச்சான் கோயில் கமிட்டிக்காரர் அல்லவா. ரத்தம் நிற்கும் முன்பே, "வீட்டுல வெட்டுப்பட்டுச்சுன்னு சொல்லிரு புள்ள, சாமி காரியம்" என்றார். தோட்டத்து டிஸ்பென்சரியில் விபத்தென்று பதிந்துவிடுவார்கள் என்று அங்கே விடாமல் ஆட்டோவில் டவுனுக்குக் கொண்டுபோனார். நான் கட்டிக்கொண்ட மனுஷன் அவர்.

விபத்தே நடக்கவில்லையாம், அதனால் வலையை யாரும் தொடவில்லை. இப்போது என் இடத்தில் ராக்காயி நிற்கிறாள், கைக்குழந்தைக்காரி. எச்சரித்தேன். "தேர் முடியட்டுங்க அக்கா" என்கிறாள்.

வெள்ளிக்கிழமை தேர். உனக்கு மாலை போட்டு முதல் வடம் கொடுக்கப்போகிறார்களாம். வா. ஆனால் கோயிலுக்கு முன்னால் பேக்டரிக்குப் போ. ரோலரை நிறுத்து. எல்லாரும் பார்க்க அந்தக் கணக்கை உன் கையாலேயே அழித்துச் சைபர் போடு. முடியாதென்றால் என் லயத்து வீட்டுப் பக்கம் காலை வைக்காதே, அக்கா என்று கூப்பிடவும் வேண்டாம்.

மாரியாத்தா உன் பத்து விரலையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
ஜீவராணி