உறுமாத நாய்

மார்ச் 3, திங்கள்
காப்பகத்தில் இன்று இரண்டு நாய்களுக்கு வீடு கிடைத்தது. அந்த வீடுகளை யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. "போட்டோ அனுப்பிட்டாங்கம்மா, போதும்" என்கிறார் நிர்வாகி. போட்டோவில் இருந்தது ஒரு சோபா. நாய் என்ன, சோபாவோடா குடித்தனம் நடத்தப் போகிறது?

மார்ச் 6, வியாழன்
போன மாதம் வீடு கிடைத்துப் போன எங்கள் சாம்பல் நிற நாய், சாம்பல், திரும்பி வந்துவிட்டான். இங்கே அதற்கு "லீவு முடிஞ்சு வந்திருக்கு" என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். கொண்டுவந்து விட்டவர் காரைவிட்டு இறங்கவில்லை. "ஒத்துவரல" என்றார், அவ்வளவுதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையில் கட்டு. ஏன் என்று நிர்வாகி கேட்கவில்லை. கேட்டுவிட்டால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாதே.

மார்ச் 9, ஞாயிறு
பார்வையாளர் நாள். காலையிலேயே நிர்வாகி கூழாங்கல் போட்ட தகர டப்பாவோடு கூண்டு கூண்டாகப் போனார். எந்த நாய் உறுமினாலும் அதன் முகத்துக்கு நேரே டப்பாவைக் குலுக்குவார். கொஞ்ச நாளில் நாய் உறுமுவதையே விட்டுவிடும். அப்புறம் அது "சாது".

சாம்பல் மகா சாது. தட்டுக்குப் பக்கத்தில் போனால் அப்படியே நிற்கிறான், மெல்லுவதுகூட நின்றுவிடுகிறது. கண் மட்டும் என் கையைப் பார்க்கிறது.

"சார், உறுமலைப் புடுங்கிட்டோம், பல்லைப் புடுங்கலையே" என்றேன்.

"அபசகுனமா பேசாதம்மா, ஆளுங்க வர்ற நேரம்."

மார்ச் 10, திங்கள்
டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். மதியத்துக்குள் புது டப்பா வந்துவிட்டது.

மார்ச் 15, சனி
இன்று எனக்கு விடுமுறை. தங்கை போன் செய்தாள், ஒரே உற்சாகம். "அக்கா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ்! நேத்து நீ கிளம்புனப்புறம் வந்து உங்க காப்பகத்துல இருந்தே நாய் எடுத்துட்டோம். ரொம்ப சாதுன்னு சொன்னாங்க. பாப்பா அவன் மேலயே சாஞ்சு படுத்திருக்கா."

என்ன நிறம் என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? தெரிந்துதானே கேட்டேன்.

"பாப்பாவைத் தட்டுக்கிட்ட விடாத."

"நீ வேறக்கா! அவளே கையால ஊட்டுறா. ஒரு சத்தம் இல்ல."

ஒரு சத்தம் இல்லை — அதுதான்டி பயமே! சொன்னால் சிரிக்கிறாள். இதோ, கிளம்புகிறேன்.

மார்ச் 19, புதன்
எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. இடது கையால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை தங்கை வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதுதான் பாப்பா தட்டுக்குள் கையை விட்டாள். எப்படிப் பாய்ந்தேனோ தெரியாது, என் கை குறுக்கே போய்விட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இல்லை. இல்லவே இல்லை. தங்கைதான் என் கட்டைப் பார்த்துப் பார்த்து அழுகிறாள்.

நிர்வாகி போனில் பேசினார். கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "நாயைக் கொண்டாந்து விட்ரும்மா. ஞாயித்துக்கிழமை ஒரு குடும்பம் பார்க்க வருது."

"சின்னப் பிள்ளை இருக்கா சார்?"

போனை வைத்துவிட்டார்.

தர மாட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு
அங்கே இன்று பார்வையாளர் நாள். இந்நேரம் டப்பா குலுங்கிக்கொண்டிருக்கும்.

சாம்பல் என் வீட்டில் இருக்கிறான். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் அவனுக்குச் சாப்பாடு. இன்று ஞாபகமறதியாகத் தண்ணீர் எடுக்க உள்ளே போய்விட்டேன். மெல்லுவதை நிறுத்தினான். கண் என் கையில். நானும் மூச்சுவிடாமல் நின்றேன். அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து துருப்பிடித்தாற்போல் ஒரு சத்தம் — உறுமுகிறான்!

"சமத்து" என்று சொல்லிவிட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தேன்.