பரிமளாக்காவுக்குச் சொல்லாத கடைசி அத்தியாயம்

என் செல்லப் பரிமளாக்கா,

மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் நான் புத்தகத்தை மூடிவிடுகிறேன் என்று தினமும் என்னோடு சண்டை போட்டவளே, இன்று மூடப்போவதில்லை. கேள்.

விழுப்புரத்தில் ரயில் ஏறித் திண்டிவனம் துணிக்கடைக்கு வேலைக்குப் போன நமக்கு, விக்டோரியா ராணி காலத்து லண்டன் எப்படித்தான் அவ்வளவு பிடித்துப்போனதோ! நடந்த சரித்திரத்தையே புரட்டிப்போட்டு எழுதிய இங்கிலீஷ் நாவல். மந்திரி, நீதிபதி எல்லாரும் அதில் ரத்தக் காட்டேரிகள். வீட்டுக்கு வீடு வரியாக ரத்தம் வாங்குவார்கள். நான் முந்தின நாளே படித்து வைத்து, காலையில் உனக்கு ஒரு அத்தியாயம் தமிழில் சொல்வேன். நீ அவித்த மல்லாட்டையைத் தோல் உரித்து, கடலையை என் கையில் வைத்துக்கொண்டே, "அந்த நீதிபதி நம்ம மேனேஜர் மாதிரியே கீறான்டி" என்பாய். எதிர் சீட்டுக்காரர்களும் காது கொடுப்பார்கள்.

உன் உடம்பில் ரத்தம் ஊறவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் நீ அடங்கவில்லை. புதுச்சேரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்து, "நானும் இப்ப அந்த லண்டன் கூட்டம்தான். ஊரார் ரத்தத்துல உசுர வச்சிக்கினு கீறேன், ஜல்தியா கதைய சொல்லு" என்றாய். சிரித்தேன். அப்புறம் ரயில் கதவோரம் போய் நின்று அழுதேன். அது உனக்குத் தெரியுமா?

கடைசியாக உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. சலவைக்காரி மார்த்தாவின் வாசலில், காட்டேரியாகிவிட்ட அவள் அக்கா நிற்கிறாள். வீட்டில் இருப்பவர் வாய் திறந்து "வா" என்று அழைக்காமல் காட்டேரியால் படி தாண்ட முடியாது. "கூப்ட்டாளா, இல்லியா? சொல்லிட்டுப் போடி" என்று என் கையைப் பிடித்தாய்.

"ரயில்லதான் சொல்வேன். எழுந்து வா" என்றேன். ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுவாய் என்று நினைத்தேன், மடச்சி. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். என்னை மன்னிப்பாயா அக்கா?

கோலியனூரில் உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று அழைப்பதில்லை, தெரியும். ஆனாலும் என் கால் படி ஏறவில்லை. "வாடி, சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று எத்தனை தடவை நீ இழுத்துப்போன வீடு! உன் மகள் ரம்யாதான் வந்து, வா என்று சொல்லாமலே என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

அவள் இப்போது விழுப்புரத்தில் காலேஜ் படிக்கிறாள். நேற்று என்னிடம், "சித்தி, நீ சொன்ன கதைய அம்மா தெனம் என்கிட்ட வந்து சொல்லுவாங்க. முடிவு என்னா?" என்று கேட்டாள். உனக்குச் சொல்லாததை அவளுக்கு எப்படிச் சொல்வேன்? முதலில் நீ கேட்டுக்கொள்.

அழைத்துவிட்டாள் அக்கா. உயிர்ப் பயமும் பார்க்காமல் மார்த்தா கதவை அகலத் திறந்து, "உள்ளே வா" என்று சொல்லிவிட்டாள். புத்தகம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ரம்யா என் வீட்டுக்கு வருகிறாள். முதல் அத்தியாயத்திலிருந்து சொல்லப்போகிறேன். இனி யாருக்கும் எதையும் நாளைக்கென்று பாக்கி வைக்கமாட்டேன், சத்தியம். மல்லாட்டை அவித்து, வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பேன். செத்தவர்களைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது என்று என் மாமியார் பயப்படுவார். பயப்படட்டும்.

பரிமளாக்கா, உள்ள வா.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
கலா